டிசம்பர் கடைசி வாரம் லேக் டிஸ்ட்ரிக்ட்: சின்னப் பிள்ளைகள், முட்டிவலி உள்ள அம்மா – எங்கே தங்குவது?

ஈஸ்ட்ஹாம்_குடும்பம்

லண்டனிலிருந்து வட இங்கிலாந்தின் ஏரி, மலைப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டுக்கு டிசம்பர் 26 முதல் ஒரு வாரம் போகிறோம். நாங்கள் இருவர், 5, 9 வயதில் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, மேடு ஏற முடியாது. சாதாரண கார்தான், ஃபோர் வீல் டிரைவ் இல்லை. விண்டர்மியர் பக்கமா, கெசிக் பக்கமா? பனி விழுந்தால் வண்டி ஓட்டலாமா? சைவச் சமையல், காட்டேஜிலேயே சமைத்துக்கொள்வோம்.

ஏரிக்கரை

முதலில் வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணுங்கள். அந்த வாரம் விடிய எட்டரை மணி ஆகும், நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். பிள்ளைகள் சாப்பிட்டுக் கிளம்பப் பத்தரை ஆனால், கையில் இருப்பது ஐந்து மணி நேரம். அதில் இரண்டு மணி நேரத்தைக் காரில் கழிக்காதீர்கள். வாசலில் இறங்கினால் ஏரிக்கு நடக்கிற ஊராகப் பாருங்கள். கார் இருக்கிற உங்களுக்கு என் ஓட்டு கெசிக்.

ஊரிலிருந்து டெர்வென்ட்வாட்டர் ஏரிக் கரையோரம் ஃப்ரையர்ஸ் கிராக் என்ற பாறைமுனை வரை நல்ல பாதை, அம்மா தாராளமாக வரலாம். இன்னொன்று கெசிக் – த்ரெல்கெல்ட் பழைய ரயில் பாதை. சுமார் 5 கிலோமீட்டர், கிரேட்டா ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்து போகும். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் பாலங்களை அடித்துப்போனது. புதிதாகக் கட்டி 2020 டிசம்பரில் திறந்தார்கள். ரயில் போன தடம் என்பதால் ஏற்றமே தெரியாது, தார் போட்டிருக்கிறது, தள்ளுவண்டியும் போகும். அம்மாவுக்குக் கால் வலிக்கும் இடத்தில் திரும்பிவிடலாம். மழை கொட்டினால் ஊருக்குள்ளேயே பென்சில் மியூசியம் இருக்கிறது. விடுமுறை நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு விண்டர்மியர்தான் வசதி. ஆக்ஸன்ஹோமில் மாறினால் ஊருக்குள்ளேயே இறங்கலாம். கெசிக்குக்கு இப்போது ரயில் கிடையாது.

உப்புவண்டி

கெசிக் என்றால் எம்6 மோட்டார்வேயில் ஜங்ஷன் 40, பிறகு ஏ66. விண்டர்மியர் என்றால் ஜங்ஷன் 36, பிறகு ஏ590, ஏ591. இந்த ரோடுகளில் ஐஸ் பிடிக்காமல் இருக்க உப்பு போடுவார்கள், உங்கள் கார் போதும். சாட்நாவ் (காரில் வழி சொல்லும் கருவி) "குறுக்கு வழி" என்று ஹார்ட்நாட், ரைநோஸ் கணவாய்களுக்குத் திருப்பினால் கேட்காதீர்கள். ஹார்ட்நாட்டின் சரிவு மூன்றுக்கு ஒன்று, குளிர்காலத்தில் உப்பும் போடமாட்டார்கள். கிர்க்ஸ்டன் கணவாய் 454 மீட்டர் உயரம். கீழே மழையாக இருக்கும் நாளில் மேலே பனிக்கட்டியாக இருக்கும்.

பனியைவிட ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத கறுப்பு ஐஸ். கல்சுவர் ஓரம் கசியும் ஊற்றுநீர் ரோட்டைக் கடந்து ஓடி ராத்திரி உறைந்துவிடும். நிழல் விழும் வளைவில் மதியம் வரை உருகாது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் அல்லது லோ மோட்.

காட்டேஜ்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று: உங்கள் வாசல்வரை உப்பு போடுகிறார்களா, கடைசி அரை மைல் சரிவா? 2023 டிசம்பர் 2 அன்று கொட்டிய பனியில், லேக் டிஸ்ட்ரிக்ட் இருக்கும் கம்ப்ரியாவில் எத்தனையோ கார்கள் ராத்திரி முழுக்க ரோட்டில் நின்றன. போர்வை, தண்ணீர், பிஸ்கட், மண்வெட்டி, டார்ச், போன் சார்ஜர் காரிலேயே இருக்கட்டும், டாங்க் பாதிக்குக் கீழே போகவேண்டாம். ஸ்க்ரீன் வாஷ் -10 டிகிரி தாங்குவதை வாங்கித் தண்ணீர் கலக்காமல் ஊற்றுங்கள். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும்.

குசினிக்காரி

தங்கச்சி, புக் பண்ண முதல் அடுப்பு என்ன வகை எண்டு கேளுங்கோ. இண்டக்‌ஷன் எண்டால் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது; அடியில் காந்தம் ஒட்டுற சட்டி வேணும். அந்தக் கல்வீடுகளில் தோசை மா இரவில் புளிக்காது. ஓவன் அடுப்பை ஓன் பண்ணாமல் அதின்ர லைற்றை மட்டும் போட்டு உள்ளே வையுங்கோ, விடியப் பொங்கி நிக்கும். கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ, பருப்பு எல்லாம் லண்டனிலேயே வாங்கிக் கட்டுங்கோ. 26ஆம் திகதி கனக்கக் கடைகள் பூட்டு, அதால முதல் இரண்டு நாள் சாப்பாட்டுக்குச் சாமான் கையில இருக்கவேணும்.

சுடுதண்ணி தாங்கியில் சேரும் வீடெண்டால் அஞ்சு பேர் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்க முடியாது. காலமை இரண்டு பேர், பின்னேரம் மூண்டு பேர். விறகு அடுப்புக்கு சூளையில் உலர்த்தின விறகு வாங்குங்கோ, ஈர விறகு புகையுமே தவிர சூடு தராது. குளிருது எண்டு சுவரில் உள்ள காற்றுத் துவாரத்தை அடைக்காதேங்கோ, கார்பன் மோனாக்சைட் அறைக்குள் தங்கிவிடும். அலாரம் இருக்கோ எண்டு முதல் நாளே பாருங்கோ. செப்டிக் டாங்க் வீடுகளில் எண்ணெயைச் சிங்கில் ஊத்தவே கூடாது.

அம்மா சேலை கட்டுறவ எண்டால் உள்ளே தெர்மல், மேலே முழங்கால் தாண்டும் மழைக்கோட். பிள்ளையளுக்கு ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சால் காயாது. மழைக்கு மேற்கால்சட்டை வாங்குங்கோ.

ஈஸ்ட்ஹாம்_குடும்பம்

மிக்க நன்றி, கெசிக்கிலேயே பார்க்கிறோம். பெரியவனுக்கு ஒரு மலை ஏறவேண்டும் என்று ஆசை. கேட்பெல்ஸ் சின்னது என்கிறார்களே?

மலைப்பாதை

451 மீட்டர்தான், ஆனால் உச்சிக்குக் கீழே கையை ஊன்றி ஏறும் பாறை இருக்கிறது. அத்தனை கால்களும் தேய்த்து வழவழப்பான கல். ஈரமோ ஐஸோ பட்டால் ஏறுவதைவிட இறங்குவது கடினம். அந்தப் பாறையைக் கோடையில் காட்டுங்கள். இப்போதைக்கு லாட்ரிக் என்ற சின்ன மலை போதும். 368 மீட்டர், கெசிக் பக்கமே ஆரம்பம், புல்லும் மண்ணுமான பாதை, உச்சியில் டெர்வென்ட்வாட்டர் முழுக்கத் தெரியும். ஒருவர் அவனோடு போகட்டும், மற்றவர் அம்மாவோடும் சின்னவரோடும் கரையில் இருக்கட்டும். பகல் பன்னிரண்டுக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள், ஹெட் டார்ச் பையில் இருக்கட்டும். காலையில் லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் என்ற வானிலை அறிக்கையைப் பாருங்கள். காற்று பலமென்றால் அன்று வேண்டாம். மேப்: ஆர்ட்னன்ஸ் சர்வே (ஓஎஸ்) வரைபடம் ஓஎல்4.

குட்டைகளில் உறைந்திருக்கும் மெல்லிய ஐஸ் மேல் பிள்ளைகள் கால் வைக்க விடாதீர்கள். மலையில் விபத்து என்றால் 999, போலீஸ் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ. பள்ளத்தாக்குகளில் சிக்னல் பேசப் போதாது, மெசேஜ் மட்டும் போகும். அதற்கு வீட்டிலிருந்தே 999க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அனுப்பி, வரும் பதிலுக்கு 'எஸ்' சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். கார் பார்க்கிங் ஆப்பையும் கிளம்பும் முன்பே இறக்கிவிடுங்கள்.