நோயாளி நேராகக் கேட்கும்போது என்ன சொன்னீர்கள்?

இரவுப் பணி:

புற்றுநோய் வார்டில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

அவருக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். காவிரிக் கரைப் பக்கம் விவசாயம். இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அட்மிஷன் அன்றே மகன்கள் இருவரும் என்னைத் தனியாக அழைத்தார்கள். "சிஸ்டர், அப்பாவுக்கு அல்சர்னுதான் சொல்லியிருக்கோம். வாய் தவறிக்கூட வேற எதுவும் சொல்லிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சரி என்றேன். கேஸ் ஷீட்டை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்தோம். ரவுண்ட்ஸில் டாக்டர்கள் அவர் கட்டிலருகே வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

நான்காம் நாள் இரவு இரண்டரை மணிக்கு டிரிப்ஸ் பாட்டில் மாற்றப் போனேன். விழித்திருந்தார். "ஏம்மா, இந்த வார்டுல பாதிப் பேருக்குத் தலையில முடி இல்ல. அல்சர்காரனை எதுக்கு இங்க கொண்டாந்து போட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டியது டாக்டர். நடுராத்திரியில் ஒரு நர்ஸ் தனியாக நின்று அதைப் போட்டு உடைக்கக் கூடாது. அதற்காக, முகத்தைப் பார்த்துக் கேட்பவரிடம் பொய் சொல்லவும் எனக்கு நா எழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "உங்களுக்கு என்னய்யா தோணுது?" என்றேன். "எனக்குத் தெரியும்மா. கேட்டா பசங்க அழுவானுங்க, அதான் கேக்கல" என்றார். டாக்டரிடமே கேட்க விருப்பமா, காலையில் நான் சொல்லட்டுமா என்றதற்குத் தலையாட்டினார்.

காலையில் டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முதலில் மகன்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். பிறகு அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார். அந்தப் பெரியவர் இரண்டே கேள்விதான் கேட்டார். அறுவடைக்கு இருப்பேனா? வலியில்லாமல் பார்த்துக்கொள்வீர்களா? முதல் கேள்விக்கு டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை. இரண்டாவதற்கு முடிந்தது. மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்து, அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் மலச்சிக்கலுக்குச் சேர்த்துத் தரும் மருந்தை ஏன் விடக் கூடாது என்றும் வீட்டாருக்கு விளக்கினோம்.

மூத்த மகன் டிஸ்சார்ஜ் ஆகும்வரை என்னோடு பேசவில்லை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ராத்திரியில் வேறு எப்படி நடந்திருக்க முடியும் என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

சிவப்பு மூடி:

நோயாளி கேட்காமலே நாம் போய்ச் சொல்ல வேண்டிய உண்மையும் உண்டு அக்கா. எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம் வந்தது.

இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு வகை இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு. எங்கள் ஸ்டோரில் பெரும்பாலும் 40 யூனிட் குப்பிதான் வரும். அன்றைக்கு ஓர் அம்மாவுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த கிளார்ஜின் என்ற இன்சுலின், 100 யூனிட் குப்பி. ராத்திரி 20 யூனிட் போட வேண்டும். கை பழகிய சிவப்பு மூடியை எடுத்து 20 என்ற கோடுவரை இழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கோட்டில் அரை மில்லி மருந்து ஏறும். அப்படியென்றால் உள்ளே போனது 50 யூனிட், எழுதியதைப் போல இரண்டரை மடங்கு.

ட்ரேயைத் துடைக்கும்போதுதான் மூடியின் நிறம் கண்ணில் பட்டது. கை நடுங்கியது. அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை, சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற நினைப்பும் ஒரு நொடி வந்து போனது. டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றி, மணிக்கொரு தடவை சர்க்கரை பார்த்தோம். மூன்று மணிக்கு 58 வரை இறங்கியது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) கொடுத்ததும் ஏறிவிட்டது. அந்த மருந்து ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் என்பதால் மறுநாள் இரவுவரை கண்காணிப்பு தொடர்ந்தது.

காலையில் எனக்கு மேல் பொறுப்பில் இருந்த ஒருவர், "அவங்களுக்கு ஒண்ணும் ஆகல இல்ல, விடு. 'சுகர் குறைஞ்சது'ன்னு மட்டும் எழுது" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று தெரியும். ஆனால் ராத்திரி முழுக்க விரலில் குத்து வாங்கியவர் அந்த அம்மா. ஏன் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா? டாக்டரோடு போய், "அம்மா, நான் தப்பான சிரிஞ்சுல போட்டுட்டேன், அதனாலதான் சர்க்கரை இறங்குச்சு" என்று சொன்னேன். அவர் மகள் கத்தினாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இன்னிக்கு ராத்திரியும் நீயே போடு. ஆனா எனக்குக் காட்டிட்டுப் போடு" என்றார்.

சம்பவ அறிக்கை எழுதிக் கொடுத்த பிறகுதான் இரண்டு வகை சிரிஞ்சையும் தனித்தனி அலமாரிக்கு மாற்றினார்கள். நான் மறைத்திருந்தால் அடுத்தவளும் அதே ட்ரேயிலிருந்துதான் எடுத்திருப்பாள்.

பிரசவ வார்டு:

வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் நாம் பேசிவிடுவதும் நடக்கிறது. அதையும் எழுதியாக வேண்டும்.

முதல் பிரசவத்துக்கு வந்த பெண். எச்.ஐ.வி. பாசிட்டிவ். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. அவளுடைய கேஸ் ஷீட் அட்டையில் யாரோ சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி, கட்டிலின் காலடியில் தொங்கவிட்டிருந்தார்கள். நான் மதிய ஷிஃப்ட்டுக்கு வந்தபோது மாமியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுதியவர் கெட்டவர் இல்லை, ஊசி குத்திவிடுமோ என்று பயந்தவர். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் கையுறையும் ஊசியைக் கையாளும் முறையும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதானே? பரிசோதனை செய்யாமலே வருபவர்கள் எத்தனை பேர்! அப்படியே குத்தினாலும் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வழி இருக்கிறது. 2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் இதை வெளியே சொல்வதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் ஊருக்கே சொன்னதாகத்தானே அர்த்தம்?

அட்டையை மாற்றினேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. குழந்தை பிறந்து மூன்று நாளும் அவளைப் பார்க்க மாமியார் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவள் அம்மா மட்டும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவருவார். அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நோயாளி வீட்டு ஆள்:

நான் நர்ஸ் இல்லை. முதலில் எழுதிய அக்காவிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு நுரையீரல் புற்றுநோய். ரொம்ப நேர்மையான டாக்டர், முதல் நாளே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார். நோய் கொண்டுபோனதற்கு முன்பே அந்தச் செய்தி அவரைக் கொண்டுபோய்விட்டது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். உண்மை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்வதில்லை அக்கா. அந்த மூத்த மகன் இடத்தில் நான் இருந்தாலும் உங்களோடு பேசியிருக்க மாட்டேன்.

இரவுப் பணி:

உங்கள் மாமியாரைப் பற்றிப் படித்துவிட்டு நேற்று முழுக்க வேறு எழுத முடியவில்லை. நீங்கள் சொல்வது சரி. நர்சிங் படிப்பில், நோயாளியின் விருப்பத்தை மதிக்க வேண்டும், நன்மை செய்ய வேண்டும், தீங்கு செய்யக் கூடாது, எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று நான்கையும் வரிசையாக மனப்பாடம் செய்தோம். வார்டில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே கட்டிலில் மோதும்போது என்ன செய்வது என்று தேர்வில் யாரும் கேட்கவில்லை.

உங்கள் மாமியாரிடம் சொன்னது தவறு என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடம் யாரும் முதலில் கேட்கவில்லையோ என்றுதான் தோன்றுகிறது. "எல்லாத்தையும் என் பையன்கிட்ட பேசிக்கோங்க, எனக்கு வேணாம்" என்று சொல்கிறவர்களும் நிறைய உண்டு. அதுவும் அவர் எடுத்த முடிவு. அதை மகன்கள் எடுப்பது வேறு, அவரே எடுப்பது வேறு.

அந்தப் பெரியவருக்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்கள் வெளியே போன நேரம் பார்த்து, அட்மிஷன் அன்றே கேட்டுவிடுவோம்: "உங்க ரிப்போர்ட் வந்தா விஷயத்தை உங்ககிட்ட சொல்லணுமா, வீட்டுல வேற யார்கிட்டயாவது சொல்லணுமா?" பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைப்போம், டாக்டர் பார்த்துக்கொள்வார். போன வாரம் வந்த ஒரு பாட்டி, "முதல்ல என்கிட்ட சொல்லுங்க. அவனுக்கு நானே பதமா சொல்லிக்கிறேன்" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். ரிப்போர்ட் நாளைக்கு வருகிறது.