600 சொல் கட்டுரை: எங்கே தொடங்குவது?

கேள்வி: மழைநீர் சேகரிப்பு பற்றி 600 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும். குறிப்புகள் குவிந்துவிட்டன, முதல் பத்தியே நகரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: முதல் பத்தியைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் வாதத்தை ஒரே வாக்கியமாக்குங்கள்: ‘தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கியது மட்டும் போதாது, வடிகட்டியைச் சுத்தம் செய்தால்தான் நீர் மண்ணில் இறங்கும்.’ இதற்கு உதவாத குறிப்பை ஒதுக்குங்கள். மனசு கேட்காது, ஆனாலும் ஒதுக்கத்தான் வேண்டும். மிச்சத்தை ஐந்து பத்தியாக்கி, பத்திக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 2: அந்த ஐந்து வரியை மட்டும் தொடர்ந்து படியுங்கள். தொடர்பு அறுந்தால் வரிசையை மாற்றுங்கள். வரைவின்போது ஆண்டு, அளவு சந்தேகமென்றால் கோடிட்டுவிட்டு நகருங்கள். தேடப் போனால் ஓட்டம் போய்விடும்.

பதில் 3: 750 சொல் எழுதி வெட்டுங்க. மறுநாள் வாய்விட்டுப் படிங்க, மூச்சு முட்டுற இடத்தில் வாக்கியத்தை உடைங்க.