மறு: எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் இம்ப்ரொவைசேஷன் – ‘உடனிசை’ எனலாமா?

வணக்கம்.

மின்கருவி ஒலியையும் இயல்பான ஒலியையும் கலந்து, முன்கூட்டி எழுதிவைக்காமல் அப்போதே உருவாக்கும் இசைதான் எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் இம்ப்ரொவைசேஷன். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் பொறுமையாகப் படித்தேன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து இந்த இசையைச் செய்து பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

> மனோதர்மம் என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, கர்நாடக இசையில் அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவதே மனோதர்மம். அதில் நிரவலிலும் (பாட்டின் ஓர் அடியை விரித்துப் பாடுவது) கற்பனைசுரத்திலும் (சுரங்களைக் கற்பனையாகப் பாடுவது) பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் இராகம் கூடவே வருகிறது, தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது, எடுப்புக்கு, அதாவது தாளத்தில் பாட்டின் அடி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர்ந்தாக வேண்டும். வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அந்த இடம் தெரியும். 1965-இல் லண்டனில் தொடங்கிய ஏஎம்எம் (AMM) என்ற இசைக்குழுவுக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. அந்தக் குழுவின் கீத் ரோ கிட்டாரை மேசைமேல் படுக்கப்போட்டு வாசித்தார். பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டி. அதைத் திருகும்போது எந்த நிலையத்தில் என்ன ஓடுகிறதோ அது அப்படியே கச்சேரிக்குள் வந்துவிடும். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கித்தான் அடுத்து என்ன செய்வது, அல்லது சும்மா இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். இதையும் மனோதர்மம் என்றால் இரண்டு மரபுக்குமே நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

> ஆசுகவி போல ஆசிசை?

கேட்டவுடன் பாடும் கவி ஆசுகவி; அதில் ‘ஆசு’ என்றால் விரைவு என்பது சரி. ஆனால் குற்றம் என்ற பொருளும் அதே அளவு பழக்கத்தில் இருக்கிறது. ‘ஆசறு’ என்று படித்து வளர்ந்தவர் ஆசிசையைக் குற்றமுள்ள இசை என்றுதான் எடுத்துக்கொள்வார். வேண்டாம்.

> சிலம்பில் ‘குழல்வழி நின்றது யாழே’ என்று வருகிறது. வழியிசை எனலாம்.

அழகான இடம். அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழ், யாழின் வழி தண்ணுமை, அதன் பின்வழி முழவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இங்கே எதன் வழி எது நிற்கிறது என்று சொல்ல முடியாது. அதனால்தான் தயங்குகிறேன்.

‘இட்டுக்கட்டு’ என்று எழுதிய அம்மாவுக்குத் தனியாக நன்றி. ஒப்பாரியில் ஒருவரையொருவர் தோள்பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி விம்மி நிறுத்தும் இடத்தை இன்னொருத்தி பிடித்து அடுத்த அடியை எடுக்கிறாளே, அந்தக் காதுதான் இந்த இசைக்கும் வேண்டும். ஊரில் இதற்கு இட்டுக்கட்டிப் பாடுவது என்றே பெயர். ஆனால் ‘இட்டுக்கட்டிய கதை’ என்றால் பொய் என்று ஆகிவிட்டது. தலைப்பில் வைத்தால் அந்தப் பொருள்தான் முந்திக்கொள்ளும். வினையாகப் பேச்சில் இருக்கட்டும்.

என் பரிந்துரை: உடனிசை.

‘உடனே’ என்பதில் அந்த நொடி இருக்கிறது. ‘உடன்பிறப்பு’, ‘உடன்பாடு’ என்பவற்றில் கூட்டு இருக்கிறது. அப்போதே செய்வது, சேர்ந்து செய்வது, இரண்டையும் நம் மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. உடனிசைத்தல், உடனிசைஞர், உடனிசைக் குழு என்று தடையில்லாமல் வளரும். பக்கவாத்தியத்தோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். பக்கவாத்தியம் என்ற சொல்லே நன்றாக ஊன்றியிருப்பதால் எனக்கு அந்தப் பயம் இல்லை. தனியாக வாசிப்பவருக்குப் பொருந்துமா? ஜப்பானிய இசைஞர் தோஷிமாரு நகமுரா, ஒலிகளைக் கலக்கும் மிக்சரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, வெளியிலிருந்து ஒரு ஒலியும் கொடுக்காமல் வாசிக்கிறார். கருவி தானாக என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் அவர் குமிழைத் தொடுகிறார். அங்கேயும் இருவர் உண்டு என்பேன்.

அடுத்து, எலக்ட்ரோ-அக்கூஸ்டிக். ‘மின்னொலியியல்’ என்பதில் அந்த ‘இயல்’ அதைப் பாடநூல் ஆக்கிவிடுகிறது. ‘மின்கலவை ஒலி’ என்றால் மின்கலம், பேட்டரி, ஞாபகத்துக்கு வரும். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கடத்தின் உள்ளே சிறிய மைக்கை இறக்கி, கடத்தின் வாய்க்கு எதிரே ஸ்பீக்கரை வைப்போம். ஒலியளவை மெல்லக் கூட்டினால் ஒரு கட்டத்தில் யாரும் தட்டாமலே கடம் முனக ஆரம்பிக்கும். உள்ளங்கையால் வாயைப் பாதி மூடினால் சுருதி இறங்கும். கையை எடுத்தால் ஏறும். அதன் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முனகல் ஒரு கணம் உடைந்து மறுபடி கூடும். பாடுவது மண்ணா, மின்சாரமா? பிரிக்க முடியாது.

இலக்கணத்தில் விரவுப்பெயர் படித்திருக்கிறோம். ‘சாத்தன் வந்தான்’, ‘சாத்தன் வந்தது’, ஆளுக்கும் ஆகும், காளைக்கும் ஆகும். விரவுதல் என்றால் கலத்தல். அதே ‘விரவு’ இங்கே வேண்டும். முழுப்பெயர் ‘மின்விரவு உடனிசை’. அன்றாடத்துக்கு ‘உடனிசை’ போதும்.

பலத்த சத்தம் இதற்குக் கட்டாயம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படி இல்லை. தோக்கியோவில் 2000 முதல் 2005 வரை இருந்த ‘ஆஃப் சைட்’ ஒரு சின்ன இடம். அக்கம்பக்கத்து வீடுகளை நினைத்து மிகத் தாழ்வாகவே வாசித்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே ஒரு கேட்கும் முறை பிறந்தது.

ஒரு சொல் பாக்கி இருக்கிறது: ஃபீட்பேக். பின்னூட்டம் என்றால் வலைப்பதிவில் போடும் கருத்து. மைக் செட்காரர்கள் ‘மைக் கத்துது’ என்பார்கள். அவர்களுக்கு அது பழுது, எங்களுக்கு அதுதான் சுரம். மைக்கிலிருந்து ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கும் சுற்றிக்கொண்டே இருப்பதால் ‘சுழலொலி’ என்று வைத்திருக்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். வேலையிடத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, நாக்கில் நிற்கிறதா என்று எழுதுங்கள்.