இந்தியா மீண்டும் அணுகுண்டுச் சோதனை நடத்த வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தான் (கடலூர்):
அணு ஆயுதச் சோதனைகளைத் தொடங்க ஆணையிட்டிருப்பதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 அக்டோபர் இறுதியில் அறிவித்தார். முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு அளித்திருந்த ஒப்புதலை ரஷ்யா 2023இலேயே திரும்பப் பெற்றுவிட்டது. நாமோ அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. 1998 மே மாதம் பொக்ரானில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்று, அந்தப் பணியில் பொறுப்பு வகித்த கே. சந்தானமே 2009இல் வெளிப்படையாகச் சொன்னார். ஐயம் நீங்காத ஓர் ஆயுதத்தை வைத்துக்கொண்டு எதிரியை அச்சுறுத்த முடியாது. எனவே இன்னொரு சோதனை தேவை என்பது என் கருத்து.

முத்தியால்பேட்டை ஆசிரியர்:
தம்பி, சந்தானத்தின் கூற்றை அணுசக்தித் துறை விஞ்ஞானிகளான ஆர். சிதம்பரமும் அனில் ககோட்கரும் மறுத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் குண்டின் ஆற்றல் 45 கிலோடன் (45,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்கு இணை) என்றும், அருகில் கேத்தோலாய் என்னும் ஊர் இருந்ததால்தான் அளவைக் கட்டுப்படுத்தினோம் என்றும் அவர்கள் விளக்கினார்கள். சந்தானம் சொன்னதே சரி என்று வைத்துக்கொண்டாலும், அணுக்கருவைப் பிளந்து வெடிக்கும் பிளவுக் குண்டு இயங்கியதில் எவருக்கும் ஐயமில்லை. ஹிரோஷிமாவை அழித்தது ஏறக்குறைய 15 கிலோடன்தான். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 2003 சனவரியில் அறிவித்த நாட்டுக்கு, முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பித் தாக்கும் ஆயுதம் மிஞ்சியிருக்குமா என்பதே கேள்வி. அதற்கு விடை அணு ஏவுகணை ஏந்தும் அரிஹந்த் போன்ற நீர்மூழ்கிக் கப்பல்களில் இருக்கிறது, பாலைவனக் குழியில் இல்லை. நம் புதுச்சேரிக்காரர்கள் பலர் குடியுரிமை வைத்திருக்கும் பிரான்ஸ், 1996 சனவரியில் கடைசிச் சோதனையை முடித்துக்கொண்டு பசிபிக் சோதனைத் தளத்தையே கலைத்துவிட்டது. இன்று போர்தோ அருகிலுள்ள பெரும் லேசர் கருவியையும் கணினிகளையும் கொண்டு தன் குண்டுகளைச் சரிபார்த்துவருகிறது. அதனால் அந்நாட்டை எவரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை.

மஞ்சக்குப்பத்தான்:
ஐயா, பிரான்ஸ் நிறுத்தியது 210 சோதனைகளுக்குப் பிறகு. நாம் 1974இல் ஒன்றும் 1998இல் ஐந்துமாக ஆறு குண்டுகளை மட்டுமே வெடித்திருக்கிறோம். கணினி தானாக எதையும் கண்டுபிடித்துவிடாது. பழைய வெடிப்புகளின் அளவீடுகளோடு ஒப்பிட்டுத்தான் அதன் கணக்கை நம்ப முடியும். ஒரே ஏவுகணையில் பல குண்டுகளை ஏற்றும் முறையை 2024 மார்ச்சில் அக்னி-5 கொண்டு சோதித்துவிட்டோம். அதற்கு எடை குறைந்த, சிறிய குண்டு தேவை. வெடித்தே பார்க்காத புதிய வடிவமைப்பை அதில் ஏற்றுவது எந்த வகையில் பொறுப்பான செயல்? பழைய குண்டுகளுக்கும் வயதாகிறது. வெடிப்பின் ஆற்றலைக் கூட்டச் சேர்க்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும்.

வில்லியனூர் வாசகி:
அந்த 210 சோதனைகளில் ஒன்றுகூட பிரான்ஸின் ஐரோப்பிய மண்ணில் நடக்கவில்லை. அல்ஜீரியப் பாலைவனத்தில் 17, பாலினேசியத் தீவுகளில் 193. என் தாத்தாவின் தம்பி பிரெஞ்சுப் படையில் அல்ஜீரியாவில் இருந்தவர் என்பதால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். நிலத்தடிச் சோதனை பாதுகாப்பானது என்று சொல்பவர்கள், 1962 மே 1 அன்று அல்ஜீரியாவின் இன் எக்கரில் மலைக்குள் வெடித்த குண்டின் கதிரியக்கப் புகை வெளியே பீறிட்டு, பார்வையிட வந்த இரண்டு அமைச்சர்கள் உட்படப் பலர்மீது படிந்ததைப் படிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 2010இல்தான் வந்தது. ஆசிரியர் ஐயா பாராட்டும் கட்டுப்பாடு இத்தனைக்கும் பிறகு வந்தது என்பதால், அதை முன்மாதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முத்தியால்பேட்டை ஆசிரியர்:
அம்மா, நான் போற்றியது நிறுத்தியதை மட்டுமே. தம்பிக்கு: டிரிட்டியம் குறைந்தால் புதிதாக நிரப்புவார்கள், அது பராமரிப்பு வேலை, அதற்காகக் குண்டை வெடிக்க வேண்டியதில்லை. குண்டின் மையத்திலுள்ள புளூட்டோனியக் கருவைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை நூறாண்டு அளவுக்குத் தாங்கும் என்று அமெரிக்க ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் 2006இல் வெளியாயின. அக்னி-5 பற்றிய உங்கள் கேள்வி வலுவானது. ஆனால் விலையையும் பாருங்கள். 2008இல் அணு எரிபொருள் வழங்கும் நாடுகள் நம்மோடு அணு வணிகம் செய்ய விலக்கு அளித்தபோது, சோதனை செய்வதில்லை என்று நாமே விரும்பி எடுத்த உறுதியும் அதற்கு அடிப்படையாக இருந்தது. அதைவிட முக்கியமானது சீனா. அது 45 சோதனைகளோடு நின்றிருக்கிறது. நாம் சோதித்து அந்தக் கதவைத் திறந்தால் நம்மைவிடப் பெரிய ஆய்வுக்கூடங்களும் பணமும் உள்ள அந்த நாடுதான் வேகமாக உள்ளே நுழையும், பாகிஸ்தானும் பின்தொடரும்.

லாஸ்பேட்டை தமிழன்:
வெடிக்குமா என்றே இருவரும் பேசுகிறீர்கள். தவறுதலாகப் பறந்துவிடாதா என்பதை யாரும் கேட்கவில்லை. 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லாததால் தப்பித்தோம். மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அணு ஆயுதத்துக்கான ஆணையைப் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுதான் தர முடியும் என்பது உண்மை. ஆனால் குண்டை ஒரு துறையும் ஏவுகணையை இன்னொரு துறையும் தனித்தனியே வைத்திருந்த பழைய ஏற்பாடு, கடலுக்கடியில் ரோந்து செல்லும் கப்பலுக்குப் பொருந்தாது. அங்கே பூட்டும் சாவியும் ஒரே ஓட்டுக்குள் இருக்கின்றன. ஆசிரியர் ஐயா, நீங்கள் நம்பச் சொல்லும் அரிஹந்துக்கும் இது பொருந்தும்.

மஞ்சக்குப்பத்தான்:
அது தனி இழையில் பேச வேண்டிய பொருள், தொடங்குங்கள், வருகிறேன். இங்கே என் நிலையைத் திருத்தமாகச் சொல்கிறேன்: நாம் முதலில் வெடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவோ சீனாவோ வெடித்தால், சில மாதங்களுக்குள் நாமும் செய்யும்படி குழிகளும் கருவிகளும் ஆட்களும் ஆயத்தமாக இருக்க வேண்டும். 1998இல் சோதித்த தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது. ஆயத்த நிலையை வைத்திருப்பதற்கு 2008ஆம் ஆண்டின் உறுதிமொழியில் தடை இல்லை.

வில்லியனூர் வாசகி:
ஆயத்தப் பணிகளைக் கேத்தோலாய்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்வீர்களா?