தெருக் குழு: நடுராத்திரி அலாரம்

சனி

சுதா: எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. ராத்திரி ரெண்டே முக்காலுக்கு அலறினது எங்க வீட்டு அலாரம்தான். யாரும் வரல, கதவும் திறக்கல. கீபேட்ல சோன் 3 (மூணாவது சென்சார் லைன்) மினுக்குது, பக்கத்துல ஒரு மஞ்சள் முக்கோணம் வேற. பார்க்க வந்தவர் பேனலையே (அலாரத்தோட மெயின் பெட்டி) மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிட்டார். மாத்தித்தான் ஆகணுமா?

ரங்கநாதன்: சைரன் நல்லா இருக்குங்கிறதுக்கு மொத்தத் தெருவும் சாட்சி 😄

பாஸ்கர்: பேனல் பேச்சை இப்ப எடுக்காதீங்க சுதா. இதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு. சோன் 3 ஒண்ணு, மஞ்சள் முக்கோணம் இன்னொண்ணு. முக்கோணம்னா "என் உடம்புக்கு முடியல"ன்னு பேனல் சொல்றது. கீபேட்ல டிரபிள் பட்டியலைத் திறந்து என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஈவென்ட் லாகையும் பாருங்க, எது முதல்ல வந்துச்சுன்னு அது நேரத்தோட சொல்லும். ரீசெட் பண்றதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

சுதா: லாக்ல வரிசை இப்படி: 2:31 ஏசி ஃபெயில், 2:44 பேட்டரி லோ, 2:45 சோன் 3 அலாரம். சோன் 3ல பின்கதவு காந்த ஸ்விட்சும் ஹால் சென்சாரும் சேர்ந்து இருக்கு.

வளர்மதி: கதை வெளியாயிடுச்சு. ஏசி ஃபெயில்னா கரண்ட் போச்சு, பதிமூணே நிமிஷத்துல பேட்டரி படுத்துடுச்சு. ஹால்ல இருக்கிற பிஐஆர் (உடல் சூட்டை வச்சு நடமாட்டத்தைப் பிடிக்கிற) சென்சாருக்குள்ள ஒரு ரிலே இருக்கு. சாதாரண நேரத்துல அது கரண்ட்ல இழுத்துப் பிடிச்ச நிலையில மூடியிருக்கும். சப்ளை ரொம்ப இறங்கினா ரிலே விட்டுடும், லைன் திறந்துக்கும். பேனலுக்கு அது திருடன் நடந்த மாதிரியேதான் தெரியும். அதுக்கப்புறம் சைரன் வேற அதே பேட்டரியை உறிஞ்சினா மிச்ச உயிரும் போயிடும்.

இக்பால்: மத்த சோன்லயும் பிஐஆர் இருக்குமே, அது ஏன் அடிக்கல?

வளர்மதி: பேனல்ல இருந்து அதிக தூரத்துல இருக்கிறதுக்கு வோல்ட் இன்னும் குறைச்சலாப் போகும் பாய், அது முதல்ல விழலாம். இல்ல, சோன் 3 லைன்ல ஏற்கெனவே ஏதோ தளர்ந்திருக்கலாம். முதல்ல பேட்டரி, அப்புறம் சோன்.

பாஸ்கர்: சுதா, பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினியர் கோட் (பழுது பார்க்கிறவங்களுக்கான நம்பர்) போட்டு அந்த மோடுக்குள்ள போயிடுங்க. மூடிக்குக் கீழ டேம்பர் ஸ்விட்ச் இருக்கும், சும்மா திறந்தா மறுபடியும் தெருவை எழுப்புவீங்க. வெளிச்சுவர்ல இருக்கிற சைரன் பெட்டிக்குள்ள தனியா சின்ன பேட்டரி இருக்கா?

சுதா: இருக்கு.

பாஸ்கர்: அப்போ கவனம். பேனல்ல இருந்து போற 12 வோல்ட் நின்னா, யாரோ கம்பியை வெட்டிட்டான்னு அது தானா அலறும். இன்ஜினியர் மோட்ல இருந்தாலும், மெயினும் பேட்டரியும் ரெண்டும் போனா அடிக்கும். அதனால ஏணி போட்டு சைரனோட உள் பேட்டரி கனெக்டரை முதல்ல கழட்டிடுங்க. காதுப் பக்கம் வச்சுக்கிட்டு வேலை செய்யற சாமான் இல்ல அது, 110 டெசிபெல்லுக்கு மேல போகும்.

இக்பால்: இன்னொண்ணு. டிரான்ஸ்ஃபார்மர் வெளியில பிளக்கா தொங்குதா, பெட்டிக்குள்ளயே இருக்கா? உள்ள இருந்தா 230 வோல்ட் கம்பி உங்க விரலுக்குப் பக்கத்துலயே இருக்கும். எம்சிபி ஆஃப் பண்ணி, டெஸ்டர்ல பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

சுதா: வெளியில பிளக். மீட்டர் இருக்கு, எதை அளக்கணும்?

வளர்மதி: மீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு பேட்டரி முனையில பாருங்க. மெயின் இருக்கும்போது 13.5ல இருந்து 13.8க்குள்ள காட்டினா சார்ஜர் நல்லா இருக்கு. அப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டு பத்து நிமிஷம் விடுங்க. சும்மா வச்ச பேட்டரி 12.7 காட்டும், லோடு வந்ததும் பொலபொலன்னு கொட்டும். அதனால கழட்டி வச்சு அளந்து "நல்லாத்தானே இருக்கு"ன்னு ஏமாறாதீங்க. பத்து நிமிஷத்துல 11.5க்குக் கீழ போனா காலி.

சுதா: மெயின்ல 13.7. பிடுங்கி ரெண்டே நிமிஷத்துல 9.8! பேட்டரி மேல மார்க்கர்ல எழுதியிருக்கிற தேதி ஆறு வருஷத்துக்கு முந்தினது.

வளர்மதி: மூணுல இருந்து அஞ்சு வருஷம்தான் அதோட ஆயுசு. சார்ஜர் 13.7 தருதுன்னா பேனலோட மின்பகுதி நல்லா இருக்கு. மாத்தச் சொன்னவர் இதை அளக்கவே இல்லன்னு தெரியுது.

பாஸ்கர்: 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் சீல்டு லெட் ஆசிட். நீளம் 151, அகலம் 65, உயரம் 95 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். முனை ரெண்டு வகை உண்டு, 4.8 மில்லிமீட்டர் அகலத் தகடு, 6.3 மில்லிமீட்டர் அகலத் தகடு. உங்க ஒயர் கிளிப் எதுன்னு பார்த்து வாங்குங்க. அகலத் தகட்டுல சின்ன கிளிப்பை அடிச்சு ஏத்துறதும், சின்னதுல பெரிசை லூசா மாட்டுறதும்தான் அடுத்த வருஷப் பிரச்சனை. கையேடு சொல்லாத வரைக்கும் லித்தியம் வேண்டாம், சார்ஜ் ஆகுற முறையே வேற.

இக்பால்: சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். மாத்தி மாட்டினா நல்ல காலம் இருந்தா ஃபியூஸோட போகும், இல்லன்னா போர்டு. ஃபியூஸ் போனா அதே ஆம்பியர்தான் போடணும். பெரிசு போட்டா அடுத்த தடவை எரியறது போர்டுல இருக்கிற செம்பு.

சுதா: 7 போதுமா? இன்னும் பெரிசா போட்டா நல்லதா?

வளர்மதி: கணக்குப் பண்ணிப் பாருங்க. பேனலும் கீபேடும் சேர்ந்து 150 மில்லி ஆம்பியர், நாலு பிஐஆர் தலா 15ன்னா 60. மொத்தம் 210. 7000ஐ 210ஆல வகுத்தா 33 மணி நேரம், அது காகிதத்துல. பேட்டரி பழசாகும், சைரனும் அடிக்கும், ஒரு நாள்னு வச்சுக்கோங்க. உங்க கருவிகளோட கையேட்டுல இருக்கிற எண்ணைப் போட்டுப் பாருங்க. பெரிசு போட்டா பெட்டிக்குள்ள அடங்காது, சின்ன சார்ஜர் அதை நிரப்ப ரொம்ப நேரம் எடுக்கும்.

ஞாயிறு

சுதா: புது பேட்டரி போட்டாச்சு, தேதி எழுதியாச்சு. முக்கோணம் மட்டும் இன்னும் போகல. பின்கதவை அறைஞ்சு சாத்தினா சோன் 3 ஒரு தடவை மினுக்கி அணையுது.

பாஸ்கர்: முக்கோணம் உடனே போகாது. பேனல் அப்பப்போதான் பேட்டரியைச் சோதிக்கும், பேட்டரி நிரம்பவும் நேரம் கொடுங்க. சோனுக்கு வருவோம். ஒவ்வொரு சோன் லைன்லயும் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும், லைன் சரியா இருக்கான்னு பேனல் அதை வச்சுத்தான் பார்க்கும். பேனல்ல மத்த சோன்ல அது என்ன கலர்?

சுதா: மூணு கோடும் சிவப்பு, கடைசியா தங்கம்.

பாஸ்கர்: 2.2 கிலோ ஓம். அதே மாதிரி ஒண்ணு எடுங்க. சோன் 3 முனையில இருக்கிற எல்லாத்தையும் கழட்டிட்டு, இந்த ரெசிஸ்டரை மட்டும் நேரா அந்த ரெண்டு ஸ்க்ரூவுக்கு நடுவுல மாட்டுங்க. சோன் மூடினதாக் காட்டி அசையாம இருந்தா பேனல் நிரபராதி, குத்தம் வெளியில. அப்பவும் மினுக்கினாத்தான் போர்டைச் சந்தேகப்படணும்.

சுதா: அசையாம நிக்குது!

வளர்மதி: இப்ப கழட்டின ரெண்டு ஒயரை ஓம்ல அளங்க. பிஐஆருக்குச் சப்ளை இருக்கணும், ஹால்ல யாரும் நடக்கக் கூடாது, இல்லன்னா ரிலே திறந்து தப்பாக் காட்டும். மீட்டர் முனையில கரண்ட் இருக்கக் கூடாதுங்கிறதால ஒயர் ரெண்டும் சோன் ஸ்க்ரூவை விட்டு வெளியில இருக்கணும்.

சுதா: 2200 வரும்னு பார்த்தா 6 ஓம்தான் வருது. கதவை ஆட்டினா 40, 300, ஓஎல்னு (லைன் திறந்த மாதிரி) குதிக்குது.

பாஸ்கர்: ரெண்டு விஷயம் மாட்டுச்சு. 6 ஓம்னா கம்பிக் கோடியில ரெசிஸ்டரே இல்ல. பொருத்தினவர் அதைப் பேனல் பெட்டிக்குள்ளயே மாட்டியிருக்கார், நீங்க ஸ்க்ரூவுல இருந்து கழட்டினதுல ஒண்ணு இருக்கும் பாருங்க.

சுதா: ஆமா, இருந்துச்சு!

பாஸ்கர்: சோம்பேறி வேலை, ரொம்ப இடத்துல இப்படித்தான். ரெசிஸ்டர் கடைசிக் கருவிக்குள்ள இருந்தாத்தான், வழியில யாராவது ஒயரைச் சேர்த்து முறுக்கி சென்சாரை ஏமாத்தினா பேனலுக்குத் தெரியும். பெட்டிக்குள்ள இருந்தா ஊகூம். எண் குதிக்கிறது இரண்டாவது விஷயம், ஜாயின்ட் இல்லன்னா காந்த ஸ்விட்ச்.

வளர்மதி: எதுன்னு கண்டுபிடிக்க, கதவுகிட்ட காந்த ஸ்விட்சுக்குப் போற ரெண்டு ஒயரையும் கழட்டி சேர்த்து முறுக்கிட்டு, மறுபடி கதவை ஆட்டிப் பாருங்க. எண் நின்னா ஸ்விட்ச்தான். அப்பவும் குதிச்சா ஒயரை விரலால தடவிக்கிட்டே போங்க, எங்க குதிக்குதோ அதுதான் ஜாயின்ட்.

சுதா: நின்னுடுச்சு. 5 ஓம், அசையல.

இக்பால்: அப்போ காந்தத்துக்கும் ஸ்விட்சுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி?

சுதா: மேல 12 மில்லிமீட்டர், கீழ 22. கதவு தொங்கிடுச்சு.

இக்பால்: சாதாரணமா மரக்கதவுல 15ல இருந்து 20 வரைக்கும் தாங்கும். இரும்புக் கதவுல அதைவிட ரொம்பக் குறைச்சல், இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கும், அதுக்கு அடியில பிளாஸ்டிக் கட்டை வைக்கணும். உங்களது எல்லையில ஊசலாடுது. காத்து தள்ளினாலும், மரம் சுருங்கினாலும் விட்டுடும். முதல்ல கீல் ஸ்க்ரூவைப் பாருங்க. மேல் கீல்ல நீளமான ஸ்க்ரூ போட்டு கதவைத் தூக்கிட்டு, அப்புறம் காந்தத்தை 5, 6 மில்லிமீட்டருக்குக் கொண்டு வாங்க. காந்தத்தை மட்டும் நகர்த்தி ஒப்பேத்தினா அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

பாஸ்கர்: அதுக்கு முன்னாடி காந்தத்தைக் கையில பிடிச்சுக் கிட்ட கொண்டுபோய் மீட்டர்ல பாருங்க. ஒட்டினதும் 1 ஓமுக்குக் கீழ வரணும், விலக்கினதும் ஓஎல். கிட்ட இருந்தும் 40, 50 காட்டினா உள்ள இருக்கிற ரீட் (காந்தம் இழுக்கிற மெல்லிய தகடு) தேஞ்சிடுச்சு. விலக்கியும் திறக்கலன்னா ஒட்டிக்கிச்சு, அது இன்னும் ஆபத்து. கதவைத் திறந்தாலும் அலாரம் அடிக்காது.

சுதா: ஒட்டி வச்சாலும் 35 காட்டுது.

பாஸ்கர்: புதுசு போடுங்க. கதவு சாத்தியிருக்கும்போது மூடியிருக்கிற வகைன்னு கேட்டு வாங்குங்க. ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுத்தாதீங்க. ஜெல் கனெக்டரோ, சால்டரோ. கடைசிக் கருவி பிஐஆர்னா, பழைய ரெசிஸ்டரை அதோட அலாரம் முனைக்கும் திரும்புற ஒயருக்கும் நடுவுல தொடரா மாட்டுங்க. அப்ப பேனல்ல ரெசிஸ்டர் இல்லாம ஒயர் ரெண்டை மட்டும் மாட்டணும்.

ரங்கநாதன்: எங்க வீட்டு அலாரம் வயர்லெஸ். இதெல்லாம் பொருந்துமா?

வளர்மதி: காந்த இடைவெளி அப்படியே பொருந்தும் சார். மத்தபடி பேட்டரிதான். பல சென்சார்ல 3 வோல்ட் சிஆர்123ஏ இருக்கும், சார்ஜ் பண்ற வகை போடாதீங்க. பழசை எடுத்துட்டு டேம்பர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கி ஒரு நிமிஷம் விட்டுப் புதுசு போட்டா, உள்ள தேங்கின மின்சாரம் வடிஞ்சு ஒழுங்காத் தொடங்கும். பிஐஆர் லென்ஸுக்குள்ள சிலந்தி, எறும்பு குடியிருக்கான்னும் பாருங்க. பொய் அலாரத்துக்கு அதுவும் ஒரு காரணம், ஏசி காத்தும் நேர் வெயிலும் கூட.

சுதா: அப்போ பேனல் எப்பத்தான் மாத்தணும்?

பாஸ்கர்: தெரிஞ்ச ரெசிஸ்டர் மாட்டியும் ரெண்டு மூணு சோன் மூடாம இருந்தா. நல்ல பேட்டரி போட்டும் சார்ஜர் 13.8ஐ விட்டு ரொம்பத் தள்ளிக் காட்டினா. பேட்டரி கசிஞ்சு போர்டுல பச்சை பூத்துட்டா. இன்ஜினியர் கோட் யாருக்கும் தெரியாம ரீசெட்டும் பூட்டியிருந்தா. பழைய தொலைபேசி லைன் போச்சு, 2ஜி நின்னுடுச்சுன்னா அதுக்காக எல்லாத்தையும் பிடுங்க வேண்டாம், முதல்ல கம்யூனிகேட்டர் மாட்யூல் (வெளியில தகவல் அனுப்புற பாகம்) மட்டும் கிடைக்குதான்னு பாருங்க. பேனல் மாத்தினாலும் ஒயர், காந்தம், சைரன் அப்படியே இருக்கலாம். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஒயர்லயும் சீட்டு ஒட்டணும், புது பேனல் கேட்கிற ரெசிஸ்டர் மதிப்பு என்னன்னு பார்க்கணும். 5.6 கிலோ கேட்கிற பேனல்ல 2.2 மாட்டிட்டு எல்லா சோனும் கோளாறுன்னு புலம்பறவங்க நிறைய.

இக்பால்: பழைய பேட்டரியைக் குப்பைல போடாதீங்க, ஈயம். பேட்டரி விக்கிற இடத்துலயே எடுத்துக்குவாங்க.

திங்கள்

சுதா: புது ஸ்விட்ச் 0.4 ஓம். கீல் தூக்கியாச்சு, இடைவெளி 6 மில்லிமீட்டர். ரெசிஸ்டர் பிஐஆருக்குள்ள போயாச்சு, பேனல்ல அளந்தா 2207. முக்கோணமும் போயிடுச்சு. சைரன் உள் பேட்டரியையும் திரும்ப மாட்டியாச்சு.

பாஸ்கர்: வாக் டெஸ்ட் மோட்ல போட்டு ஒவ்வொரு கதவையும் திறந்து பாருங்க. பிஐஆரை நோக்கி நேரா நடக்காம, குறுக்கே நடக்கணும், அப்பத்தான் நல்லாப் பிடிக்கும். கடைசியா பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் பேட்டரியிலயே ஓட விடுங்க.

சுதா: சரி அண்ணா. சைரன் டெஸ்ட் காலைல 11 மணிக்கு, இருபது நொடிதான். யாரும் பதறாதீங்க.

ரங்கநாதன்: 11 மணின்னா சரி. ரெண்டே முக்கால்னாத்தான் ஆட்சேபணை.