கிளை ஊழியரிடம் ரகசிய எண்ணைச் சொல்லிவிட்ட என் தாயாருக்காக ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கைப்பேசிச் செயலியை இயக்கித் தருமாறு கேட்பதற்காகக் கடந்த வாரம் வங்கிக் கிளைக்குச் சென்ற என் தாயார், உதவ முன்வந்த ஊழியரிடம் கைப்பேசியைக் கொடுத்ததோடு, அவர் கேட்டதும் ஏடிஎம் அட்டையின் 4 இலக்க ரகசிய எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். வரிசையில் நின்றவர்களும் அதைக் கேட்டிருக்கக்கூடும். ஊழியர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று நான் கருதவில்லை. ஆயினும், கணக்கு எண்ணையும் அடையாளச் சான்றையும் கொண்டே வாடிக்கையாளரை அறிந்துகொள்ளக்கூடிய வங்கி ஊழியருக்கு, ரகசிய எண்ணோ கடவுச்சொல்லோ ஓடிபியோ தெரிய வேண்டிய தேவையே இல்லை; அவற்றை வாடிக்கையாளர் தம் கையாலேயே பதிய வேண்டும்.

அன்று மாலையே அட்டையின் ரகசிய எண், கைப்பேசியின் திரைப்பூட்டு எண் ஆகிய இரண்டையும் மாற்றிவிட்டோம். (அதே எண்ணைத்தான் கைப்பேசியின் திரைப்பூட்டுக்கும் வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.) கணக்கில் இதுவரை தவறு ஏதும் இல்லை.

எழுத்துகள் சரியாகத் தெரியாததால் பிறர் துணையின்றிச் செயலியை இயக்க இயலாத முதியவர், உதவுபவரின் மனம் புண்படாமல் "எண்ணை நானே பதிகிறேன்" என்று சொல்ல எப்படிப் பழக்குவது? இத்தகைய நிகழ்வைக் கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்தவர்கள், எந்த விவரங்களைக் குறிப்பிட்டீர்கள் என்பதையும் கூறினால் பேருதவியாக இருக்கும்.