டாப்பெட் துளைகளைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் அப்பா ஓட்டிய பழைய மஹிந்திரா ஜீப்பின் எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலை சுமந்த வண்டி. விற்க மனம் வரவில்லை.

சிலிண்டர், கிராங்க் வேலை முடிந்துவிட்டது. சிக்கல் டாப்பெட் (கேம் ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் சிறு உருளை) இறங்கும் துளைகளில்தான். எட்டில் ஆறு நன்றாக இருக்கின்றன: எண்ணெய் தடவிய டாப்பெட் தன் எடையிலேயே மெல்ல இறங்குகிறது, விரலால் திருகினால் சுழல்கிறது. மூன்றாவதில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மழைக்காலம் முழுவதும் பிளாக் (எஞ்சினின் உடல் பகுதி) திறந்து கிடந்ததால் உள்ளே துரு வளையம் போல் படிந்திருக்கிறது. ஏழாவதில் பக்கவாட்டில் ஆடுகிறது. டாப்பெட் சுழலாவிட்டால் அதைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் அப்படியே பூட்டப் பயமாக இருக்கிறது.

ஒரு பட்டறையில் எமரித் தாள் சுற்றித் தேய்த்தால் போதும் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை, துளையின் வட்டம் கெட்டுவிடும். இதை ஹோன் செய்தவர்கள் (சுழலும் கல்லால் துளையை உள்ளே சீராக்கியவர்கள்) இருக்கிறீர்களா? எத்தனை கிரிட் (சொரசொரப்பு அளவு) கல் போட்டீர்கள்? ஏழாவதை ரீமர் விட்டு அகட்டி வெண்கல புஷ் (உள் உறை) இறக்கலாமா, அல்லது சற்றுப் பருமனான ஓவர்சைஸ் டாப்பெட் கிடைக்குமா? ஊட்டி, மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் இதைத் துல்லியமாகச் செய்யும் லேத் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள். பிளாக்கை நானே எடுத்து வருகிறேன்.